மெக்கானிக்கல் கீபோர்டைப் பிரித்து உள்ளே தரம் பார்ப்பது எப்படி

3,000 ரூபாய், 6,000 ரூபாய், சிலர் 15,000 வரைகூடக் கொடுத்து, ஒவ்வொரு கீக்கும் தனிச் சுவிட்ச் வைத்த மெக்கானிக்கல் கீபோர்டு வாங்குகிறோம். பெட்டியில் கேஸ்கெட் மவுண்ட் (உள் பிளேட்டை மெத்தைப் பட்டைகளில் தாங்குவது), ஹாட்-ஸ்வாப் (சுவிட்சைப் பிடுங்கி மாற்றும் வசதி), ஐந்தடுக்கு ஃபோம் என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். அதெல்லாம் நிஜமாகவே உள்ளே இருக்கிறதா, இருந்தாலும் ஒழுங்காகச் செய்திருக்கிறார்களா என்பது திறந்தால்தான் தெரியும். எப்படித் திறப்பது என்று தேடினால் காணொளிகள் நிறையவே கிடைக்கின்றன, ஆனால் நாம் திணறப்போகிற இடத்தில்தான் சரியாக வெட்டிவிடுகிறார்கள்: மூடிய கீபோர்டு ஒரு நொடி, அடுத்த நொடி எல்லாம் மேசைமேல் பரப்பிக் கிடக்கும். நடுவில் அந்த மூடி எப்படிக் கழன்றது என்று தெரியாமல் நகத்தைப் பெயர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அனுபவம் எனக்கு உண்டு. நீங்களும் அப்படி உட்கார வேண்டாம்.

முதலிலேயே ஒன்று. கனமாக இருக்கிறது, உள்ளே ஃபோம் நிறைய இருக்கிறது என்பதையெல்லாம் தரத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எடை ஏற்றுவதற்கென்றே ஓர் இரும்புத் தகட்டை உள்ளே ஒட்டி அனுப்புகிற தயாரிப்புகள் உண்டு. நீங்கள் பார்க்க வேண்டியது நான்கு இடம்: யூ.எஸ்.பி. போர்ட், சால்டர் (பாகங்களைப் பலகையோடு உருக்கி ஒட்டிய உலோகப் பற்று), ஸ்டெபிலைசர் (நீளக் கீகள் சாயாமல் பிடிக்கும் கம்பி அமைப்பு), திருகு போய்ப் பிடிக்கிற ஓட்டை. கீழே சொல்வதெல்லாம் அந்த நான்கையும் உடைக்காமல் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கான வழிதான்.

1. திருகைத் தொடும் முன் காகிதங்கள்

பில், வாரண்டி அட்டை, பெட்டி மூன்றையும் எடுத்து வையுங்கள். கீபோர்டின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளை சீரியல் எண் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். அந்த லேபிளுக்கு அடியிலேயே ஒரு திருகு இருக்க வாய்ப்பு உண்டு, கிழிந்தபிறகு எண்ணைப் படிக்க முடியாது.

வயர்லெஸ் கீபோர்டு என்றால் இந்தியாவில் விற்க பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். லேபிளில் ஐ.எஸ். 13252 மாதிரி ஒரு தர எண்ணைப் போட்டு, கூடவே 'ஆர்' எழுத்தில் தொடங்கி எட்டு இலக்கம் உள்ள ஒரு பதிவு எண் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவு என்று வந்துவிடும். பெட்டியில் ஒரு பெயர், செயலியில் வேறொரு பெயர் என்று வந்தால் உடனே பயப்பட வேண்டியதில்லை, பல பிராண்டுகள் வேறொரு தொழிற்சாலையில் செய்து வாங்குகின்றன. எண்ணே இல்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

வாரண்டி அட்டையில் பொடி எழுத்தைப் படியுங்கள். ஹாட்-ஸ்வாப் கீபோர்டில் சுவிட்ச் மாற்றுவதைப் பெரும்பாலும் தடுப்பதில்லை, கேஸைத் திறப்பது வேறு விஷயம். திருகின்மேல் சீல் ஸ்டிக்கர் இருந்தால், அதைக் கிழித்தால் வாரண்டி போனது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சர்வீஸ் சென்டரில் என் கீபோர்டின் ஸ்டிக்கர் லேசாகக் கசங்கியிருந்ததைக் காட்டியே கையில் வாங்க மறுத்தார்கள், கோளாறு வெளியே இருந்த கேபிளில். சட்டப்படி சரியா தவறா என்று வாதாட நேரம் இருப்பவர்கள் வாதாடலாம். ஸ்டிக்கரைத் தொடாமல் இருப்பது அதைவிட மலிவு.

2. திறக்காமலே செய்யக்கூடிய சோதனைகள்

ஆன்லைனில் வாங்கினால் திருப்பித் தருவதற்குப் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள்தான் கிடைக்கும், அதிலும் பல சமயம் பணம் திரும்பாது, மாற்றுப் பொருள் மட்டுமே. அந்தக் கெடுவுக்குள் திருகைத் தொடாதீர்கள். ஆனால் கீழே உள்ளதை எல்லாம் முதல் இரண்டு நாளிலேயே செய்துவிடுங்கள்.

எந்தக் கீ பதிவாகிறது என்று காட்டும் கீ டெஸ்டர் தளம் ஒன்றைத் திறந்து ஒவ்வொரு கீயாகத் தட்டுங்கள். ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து விழுந்தால் அந்தச் சுவிட்சின் தொடுமுனை சரியில்லாமல் இருக்கலாம்.

இரண்டு பக்கமும் சி வகை முனை உள்ள கேபிளால் செருகிப் பாருங்கள். ஒரு முனை பழைய ஏ வகை, மறுமுனை சி வகை என்றால் வேலை செய்கிற கீபோர்டு, இரண்டும் சி வகையாக இருக்கும்போது உயிரே இல்லாமல் கிடந்தால், உள்ளே போர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய இரண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை விட்டிருக்கிறார்கள் அல்லது தப்பாக இணைத்திருக்கிறார்கள் என்று பொருள். காசு பெறாத சமாச்சாரம் அது. அதிலேயே சிக்கனம் பிடித்தவர்கள் வேறு எங்கெல்லாம் பிடித்திருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். (கேபிளை மாற்றியும் ஒருமுறை பாருங்கள், கோளாறு கேபிளிலும் இருக்கலாம்.)

செவ்வகத்தின் மூன்று மூலைகள் மாதிரி அமையும் மூன்று கீகளை ஒன்றாக அழுத்துங்கள். நான்காவது மூலை எழுத்து தானாக விழுந்தாலோ, மூன்றாவது கீ பதிவே ஆகாமல் போனாலோ ஒவ்வொரு கீக்கும் தனி டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் சின்னப் பாகம்) வைக்கவில்லை என்று சந்தேகப்படலாம். ஒரு செவ்வகத்தோடு நிறுத்தாமல் பல இடங்களில் முயலுங்கள், உள்ளே கம்பி ஓடும் வரிசை கண்ணால் பார்க்கும் வரிசையாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

கீகேப் (கீயின் மேல் மாட்டியிருக்கும் மூடி) பி.பி.டி. பிளாஸ்டிக் என்று எழுதியிருந்தால் ஒன்றைக் கழற்றி உப்புத் தண்ணீரில் போடுங்கள். 100 மில்லி தண்ணீருக்கு 25 முதல் 30 கிராம் உப்பு, நன்றாகக் கரைய வேண்டும். ஏ.பி.எஸ். என்கிற வேறு பிளாஸ்டிக் மிதக்கும், பி.பி.டி. மூழ்கும். வெறும் தண்ணீரில் இரண்டுமே மூழ்கிவிடும் என்பதால் உப்பு அவசியம். கேப்பைக் கவிழ்த்துப் போட்டால் உள்ளே காற்று தங்கி மூழ்க வேண்டியதும் மிதக்கும், அதனால் தண்ணீருக்குள்ளேயே சாய்த்துக் காற்றை விடுங்கள். அசிட்டோன் தடவிப் பார்க்கச் சொல்வார்கள், ஏ.பி.எஸ். ஆக இருந்தால் அந்தக் கேப் கரைந்து போகும், எதற்கு வம்பு.

3. கருவிகளும் செலவும்

கம்பியால் ஆன கீகேப் புல்லர், சுவிட்ச் புல்லர், பி.எச்.0, பி.எச்.1 அளவுக் கூட்டல்குறி முனை ஸ்க்ரூடிரைவர்கள், சின்ன ஹெக்ஸ் (அறுகோண) சாவிகள், ட்வீசர், ஒரு பழைய ஏ.டி.எம். அட்டை, சின்னக் காந்தம், ஐசோப்ரொபைல் ஆல்கஹால், காது குடையும் பஞ்சுக் குச்சி. சென்னைக்காரர்கள் ரிச்சி தெருவில் ஒரே நடையில் எல்லாம் வாங்கிவிடலாம், மொத்தம் 700, 800 ரூபாய்க்குள் அடங்கும். கீபோர்டோடு வரும் பிளாஸ்டிக் வளைய புல்லரைத் தூக்கிப் போடுங்கள், அது கேப்பின் பக்கவாட்டில் கோடு போடும். கீக்ரான் க்யூ வரிசை மாதிரிச் சிலவற்றில் தேவையான சாவிகள் பெட்டியிலேயே வந்துவிடும், வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் செலவழிப்பதென்றால் ஸ்க்ரூடிரைவரில் செலவழியுங்கள். மலிவான முனை வழுக்கித் திருகின் தலையை மழித்துவிட்டால் அதை வெளியே எடுப்பதற்குத் தனியாக ஒரு நாள் போகும்.

சால்டரிங் அயர்ன் முதல் தடவைக்குத் தேவையில்லை. ஏன் என்று பிறகு.

நேரம்: திறந்து, பார்த்து, மூட ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். அடுத்த நாள் காலை அலுவலகத்துக்கு அதே கீபோர்டுதான் என்றால் இரவில் தொடங்காதீர்கள்.

4. கீகேப் கழற்றுவது

முழு கீபோர்டையும் மேலிருந்து ஒரு படம். புல்லரின் இரண்டு கம்பிகளையும் எதிரெதிர் மூலைகளில் மாட்டி நேராக மேலே இழுங்கள், ஆட்டி ஆட்டி இழுத்தால் சுவிட்சின் தண்டு வளையும். ஸ்பேஸ்பார், என்டர், ஷிஃப்ட் மூன்றிலும் நிதானம் வேண்டும், இவற்றுக்கு அடியில் ஸ்டெபிலைசர் இருக்கிறது. ஒரு முனையைக் கொஞ்சம், மறுமுனையைக் கொஞ்சம் என்று மாறி மாறி எழுப்புங்கள். சில மாடல்களில் ஸ்டெபிலைசர் கம்பி கேப்புக்குள்ளேயே கொக்கி போட்டு மாட்டியிருக்கும். அப்படி இருந்தால் கேப்பைப் பாதி தூக்கி, ட்வீசரால் கம்பியை விலக்கிய பிறகே முழுதாக எடுக்க முடியும்.

5. திருகுகள் ஒளிந்திருக்கும் இடங்கள்

பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அடிப்பக்கம். வெளியே தெரிகிற திருகுகளை எடுத்த பிறகு ரப்பர் கால்களைப் பாருங்கள், அவற்றின் ஓரத்தை லேசாக உரித்தால் அடியில் திருகு இருக்கலாம். ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டினால் பசையோடு முழுசாக வரும், திரும்ப ஒட்டவும் செய்யும். அடுத்து, மடக்கும் கால்களைத் தூக்கிவிட்டு அதன் குழிக்குள் பாருங்கள். அப்புறம் லேபிள்: விரலால் தடவிக்கொண்டே போங்கள், எங்கே பள்ளம் விழுகிறதோ அங்கே திருகு.

அடியில் எதுவுமே இல்லையென்றால் மேலே இருக்கும். ரெட்ராகன் கே552 மாதிரி, சுவிட்சுகள் பதிந்திருக்கும் உலோக பிளேட்டே மேல்மூடியாகவும் இருக்கிற வகையில், திருகுகள் கீகளுக்கு நடுவே பிளேட்டில் இருக்கும், கீகேப்பைக் கழற்றாமல் கண்ணில் படாது. கருப்புப் பிளேட்டில் கருப்புத் திருகு என்றால் மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். அலுமினிய சட்டம் வைத்த சிலவற்றில் பக்கவாட்டிலும் இருக்கும்.

திருகே இல்லாமல் பிளாஸ்டிக் கொக்கிகளால் மட்டும் பூட்டியவையும் உண்டு. மேல்மூடியும் கீழ்மூடியும் சேரும் கோட்டில் ஏ.டி.எம். அட்டையைச் செருகி, ஒரு மூலையில் தொடங்கி மெல்ல நகர்த்துங்கள், டக் டக்கென்று ஒவ்வொன்றாக விடும். ஸ்க்ரூடிரைவரைச் செருகி நெம்பினால் விளிம்பில் நிரந்தரமாகத் தழும்பு விழும்.

ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பக்கம் கழன்று ஒரு பக்கம் மட்டும் அசையவில்லை என்றால் அங்கே இன்னொரு திருகு இருக்கிறது. பலத்தைக் கூட்டாதீர்கள், தேடுங்கள்.

எடுத்த திருகுகளைக் கிண்ணத்தில் போடாதீர்கள். அட்டைப்பெட்டி மூடியில் கீபோர்டின் வடிவத்தை வரைந்து, கோலப் புள்ளி வைப்பது மாதிரி அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நீளம் வேறுபடும். நீளத் திருகைக் குட்டை ஓட்டையில் ஏற்றினால் அது மேல்பக்கம் பிதுங்கிக்கொண்டு வரும், அல்லது பி.சி.பி.யை (மின்சுற்றுப் பலகையை) துளைக்கும்.

6. கேபிளும் பேட்டரியும்

மூடி விட்டதும் படாரென்று தூக்காதீர்கள். இரண்டு பாதிக்கும் நடுவே சின்ன கேபிள் ஒன்று ஓடும், பேட்டரிக்கோ யூ.எஸ்.பி. போர்ட் இருக்கும் தனிக் குட்டிப் பலகைக்கோ. ஒரு விரல் அளவு தூக்கி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பிறகு திறங்கள். கனெக்டரைக் கழற்றும்போது கம்பியைப் பிடித்து இழுக்காமல் பிளாஸ்டிக் தலையை இருபக்கமும் பிடித்து அசைத்து எடுங்கள். பட்டையான ரிப்பன் கேபிள் என்றால் அதன்மேல் ஒரு குட்டிப் பூட்டு இருக்கும், அதை நிமிர்த்திவிட்டால் கேபிள் தானாக வழுக்கி வரும்.

தொடங்கும் முன்பே யூ.எஸ்.பி.யைப் பிடுங்கி, பின்னால் உள்ள பவர் சுவிட்சையும் அணைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுவிட்டு வந்தால் கையில் இருக்கும் நிலைமின்சாரம் போய்விடும், குளிரூட்டிய அறையில் இது முக்கியம்.

பேட்டரி பெரும்பாலும் கேஸில் ஒட்டியிருக்கும். அதை நெம்பி எடுக்கவே எடுக்காதீர்கள், கனெக்டரைக் கழற்றினாலே போதும். லித்தியம் பாலிமர் பேட்டரியில் ஸ்க்ரூடிரைவர் முனை குத்தினால் தீப்பிடிக்கும், மிகைப்படுத்திச் சொல்லவில்லை. உப்பியிருந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு விற்றவரைக் கூப்பிடுங்கள். நன்றாக இருந்தால் அதன் மேலுறையைப் படம் எடுங்கள்: பெட்டியில் போட்ட மில்லியாம்பியர் அளவும் இதுவும் ஒன்றா, ஐ.எஸ். 16046 எண் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் வெள்ளி நிறப் பையாக, எந்த எழுத்தும் இல்லாமல் இருந்தால் நல்ல அறிகுறி இல்லை.

7. இப்போது பார்க்க வேண்டியவை

திருகு ஓட்டைகள். பிளாஸ்டிக்கில் நேரடியாகப் போட்ட திருகா, பித்தளைப் புரி பதித்திருக்கிறார்களா? பித்தளை இருந்தால் பலமுறை திறந்து மூடினாலும் புரி எளிதில் தேயாது. நேரடிப் பிளாஸ்டிக் என்றால் தப்பில்லை, ஆனால் ஓட்டையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேஸ்கெட் மவுண்ட் என்று விற்றிருந்தால் பிளேட்டின் ஓரக் காதுகளில் மெத்தைப் பட்டைகள் ஒட்டியிருக்கும், அவை மேல்மூடிக்கும் கீழ்மூடிக்கும் நடுவே சிக்கி பிளேட்டைத் தாங்க வேண்டும். பட்டையும் இருக்கிறது, பிளேட்டைத் திருகு போட்டுக் கேஸோடு இறுக்கியும் இருக்கிறது என்றால் அது பெயருக்குத்தான் கேஸ்கெட்.

பிளேட்டில் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் இரும்பு வகை. ஒட்டாவிட்டால் அலுமினியமாகவோ பித்தளையாகவோ இருக்கலாம், சில வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் ஒட்டாது. பிளேட்டிலோ பி.சி.பி.யிலோ மெல்லிய நீளப் பிளவுகள் ஒழுங்கான வரிசையில் தெரிந்தால் விரிசல் என்று பதறாதீர்கள், வளைந்து கொடுப்பதற்காக வேண்டுமென்றே வெட்டியவை அவை.

பி.சி.பி.யின் பின்பக்கம்தான் உண்மையான பரீட்சைத் தாள். யூ.எஸ்.பி. போர்ட்டில் தொடங்குங்கள். அதன் உலோக உறையின் கால்கள் பலகையின் ஓட்டைக்குள் இறங்கி மறுபக்கம் சால்டர் ஆகியிருந்தால் தினமும் கேபிள் செருகி எடுத்தாலும் தாங்கும். மேற்பரப்பில் மட்டும் ஒட்டவைத்திருந்தால் ஒரு நாள் அடியில் உள்ள செப்புத் தடத்தோடு பிய்ந்து வரும். போர்ட் தனிக் குட்டிப் பலகையில் இருந்தால் இன்னும் நல்லது, போனாலும் அதை மட்டும் மாற்றலாம். பக்கத்தில் 512 அல்லது 5101 என்று எழுதிய இரண்டு குட்டிக் கருப்புத் துணுக்குகளைத் தேடுங்கள், முன்பு சொன்ன 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் அவைதான். மிகச் சின்ன அளவில் இருந்தால் மேலே எழுத்தே இருக்காது, அப்போது சி வகைக் கேபிள் சோதனையின் முடிவை நம்புங்கள்.

அடுத்து சால்டர். ஒவ்வொரு காலைச் சுற்றியும் சரிவான சின்னக் கூம்பு மாதிரி ஏறியிருக்க வேண்டும். உருண்டையாக மேலே நின்றாலோ, காலைச் சுற்றி வளையமாக வெடிப்பு தெரிந்தாலோ மோசம். மங்கலாக இருப்பதை வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள், ஈயம் கலக்காத சால்டர் இயல்பிலேயே பளபளக்காது. இணையத்தில் பாதிப் பேர் நல்ல சால்டரைக் குறை சொல்வது இது தெரியாமல்தான். மஞ்சளாக ஃப்ளக்ஸ் (சால்டர் ஒட்ட உதவும் பசை) படிந்திருந்தால் பெரும்பாலும் அவசர வேலையின் அடையாளம், கெடுதல் அதிகம் இல்லை, ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிடலாம். ஒவ்வொரு கீக்கும் ஒரு டையோடு இருக்கிறதா என்று ஒரு வரிசையை மட்டும் எண்ணுங்கள்.

ஹாட்-ஸ்வாப் சாக்கெட்டுகள் (சுவிட்சின் கால்கள் செருகும் பொருத்துகள்) பலகையோடு ஒட்டி, சாயாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நகத்தால் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆடினால் அடியில் உள்ள செப்புத் திட்டு பெயரத் தொடங்கிவிட்டது.

ஸ்டெபிலைசர் மூன்று விதம்: பிளேட்டில் கவ்வுவது, பி.சி.பி.யில் கவ்வுவது, பி.சி.பி.யில் திருகு போட்டுப் பிடிப்பது. கடைசி வகை கெட்டியாக உட்காரும், விலையும் கூட. எந்த வகையானாலும் முக்கியம் அந்தக் கம்பி நேராக இருக்கிறதா என்பது. கழற்ற வந்தால் கண்ணாடி மேசைமேல் வைத்து ஒரு முனையை அழுத்துங்கள். மறுமுனை எழும்பினால் உங்கள் ஸ்பேஸ்பார் கடகடவென்று சத்தம் போடுவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது, விரலாலேயே மெல்ல வளைத்துச் சரிசெய்யலாம். இதற்கு 2,000 ரூபாய் செலவழித்து ஃபோம் வாங்கிப் போடுபவர்களை எனக்குத் தெரியும்.

8. சுவிட்ச்: எடுப்பதா, விடுவதா

ஹாட்-ஸ்வாப் என்றால் புல்லரின் நாக்குகளைச் சுவிட்சின் மேல், கீழ் விளிம்புகளில் வைத்து அழுத்தி நேராக இழுங்கள். எல்லாவற்றையும் எடுக்காதீர்கள், மாதிரிக்கு இரண்டு போதும். சாக்கெட்டுகளுக்கும் ஆயுள் கணக்கு உண்டு, கெய்ல் நிறுவனத்தின் சாக்கெட்டுகளையே 100 முறை மாற்றலாம் என்றுதான் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

சுவிட்சின் மூடியை நான்கு கொக்கிகளோ இரண்டு கொக்கிகளோ பிடித்திருக்கும். ஒரு வெள்ளைத் துணிமேல் வைத்துத் திறங்கள், ஸ்பிரிங் பறக்கும். உள்ளே மேல்மூடி, தண்டு, ஸ்பிரிங், அடிப்பகுதி, அதில் செப்பு நிறத் தொடுதகடு. தண்டில் பிளாஸ்டிக் பிசிறு இருக்கிறதா, தொழிற்சாலையில் போட்ட கிரீஸ் இரண்டு சுவிட்சிலும் ஒரே அளவா என்பதைப் பாருங்கள். ஒன்றில் வழிந்து, மற்றொன்று வறண்டு கிடந்தால் கீக்குக் கீ சத்தம் மாறுவதன் காரணம் அதுவே. மூடும்போது தண்டின் இரண்டு கால்களும் தொடுதகடு இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். பாக்ஸ் வகை (தண்டைச் சுற்றிப் பெட்டி மாதிரிச் சுவர் உள்ள) சுவிட்சை முதல் தடவை திறக்காதீர்கள்.

சால்டர் செய்த கீபோர்டு என்றால் பிளேட்டும் பி.சி.பி.யும் ஒரே துண்டாகத்தான் வரும். பிரிக்க வேண்டுமானால் 87 கீ கீபோர்டில் 174 சால்டர் புள்ளிகளை உறிஞ்சி எடுக்க வேண்டும், ஒவ்வொரு சுவிட்சிலும் தனி எல்.இ.டி. சால்டர் ஆகியிருந்தால் அதுவும் இரட்டிப்பு. தரம் பார்ப்பதற்காக மட்டும் இதைச் செய்யாதீர்கள். பின்பக்கத்தைப் பார்த்தாலே தெரிய வேண்டியதில் பெரும்பகுதி தெரிந்துவிடும்.

9. திரும்ப மாட்டுவது

ஆல்கஹால் காயட்டும், ஐந்து நிமிடம் ஆகாது. சுவிட்சைச் செருகும் முன் இரண்டு ஊசிக் கால்களும் நேராக உள்ளனவா என்று பாருங்கள், வளைந்திருந்தால் ட்வீசரால் நிமிர்த்துங்கள். செருகும்போது பி.சி.பி.யின் பின்னால் சாக்கெட்டுக்கு நேராக ஒரு விரலை முட்டுக்கொடுங்கள், இல்லாவிட்டால் அழுத்துகிற வேகத்தில் சாக்கெட்டே பெயர்ந்து போகும். ஹாட்-ஸ்வாப் கீபோர்டுகள் வீட்டில் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கனெக்டர்களை மாட்டியதும் மூடிவிடாதீர்கள். திறந்த நிலையிலேயே, பலகை உலோகத்தின்மேல் படாமல் ஒரு மர மேசையிலோ அட்டையிலோ வைத்து, யூ.எஸ்.பி. செருகி எல்லாக் கீயையும் தட்டிப் பாருங்கள். கீகேப் இன்னும் போடவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், தண்டை அழுத்தினால் போதும். ஏதாவது ஒரு கீ பேசவில்லை என்றால் அதன் சுவிட்சை எடுத்து ஊசிக்கால் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வரிசை முழுக்கச் செத்திருந்தால் கனெக்டர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எல்லாம் சரியென்றால் யூ.எஸ்.பி.யைப் பிடுங்கிவிட்டு மூடுங்கள். பிளாஸ்டிக்கில் ஏறும் திருகை முதலில் இடதுபக்கமாக, அதாவது கழற்றுகிற திசையில் மெல்லத் திருப்புங்கள், 'டிக்' என்று பழைய புரியில் விழும், அதன் பிறகு வலதுபக்கம் முறுக்குங்கள். இப்படிச் செய்யாமல் ஏற்றினால் ஒவ்வொரு முறையும் புதுப் புரி வெட்டி ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். எல்லாத் திருகுகளையும் பாதி ஏற்றிவிட்டு, எதிரெதிர் மூலைகளாக இறுக்குங்கள். ஸ்பேஸ்பாரைக் கடைசியில் மாட்டுங்கள், ஸ்டெபிலைசரின் இரண்டு தண்டும் மேலே நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டு.

உள்ளே ஏதாவது கோளாறு கண்ணில் பட்டிருந்தால், மூடும் முன் எடுத்த படங்களை சீரியல் எண்ணோடு சேர்த்து விற்றவருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னால் பதிவு இருக்காது.